அந்த வருஷத்து டீம்

விருத்தாசலம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமா எழுதுவது.

உன் கடிதம் வந்தது. முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது என்ற வரியைப் படித்துக் காட்டிய பிறகுதான் உன் அம்மாவுக்கு மூச்சே வந்தது. மற்றபடி கடிதம் முழுக்க உங்கள் காலேஜ் சீனியர்கள் மேல் வருத்தம்தான். சாயங்காலம் பிராக்டிஸுக்கு இறங்கினால் கோர்ட் ஓரத்துப் படிக்கட்டில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள்; தாங்கள் படித்த காலத்தில் கோப்பை வாங்கிய டீமைப் பற்றியே பேசுகிறார்கள்; நீங்கள் ஒரு லே-அப் விட்டால் "அவன் இருந்தா விட்டிருப்பானா" என்று காதில் விழும்படி சொல்கிறார்கள். பி.டி. சாரிடம் சொல்லி அவர்களை வரவேண்டாம் என்று நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறாய்.

அதைச் செய்யாதே. மரியாதைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை.

காலேஜ் டீம் என்பது மூன்று, நான்கு வருஷத்தில் ஆளே மாறிப்போகிற டீம். பி.டி. சாரும் ஒரு நாள் ரிட்டையர் ஆகிவிடுவார். மாநில கிரிக்கெட் என்றால் எந்த ஆட்டத்தில் யார் எத்தனை ரன் என்று புத்தகத்தில் இருக்கும். காலேஜ் கூடைப்பந்துக்கு அப்படி எதுவும் கிடையாது. பி.டி. சார் அறையில் கண்ணாடி பீரோவுக்குள் கறுத்துப்போன கோப்பைகள் நிற்கும். போட்டியின் பெயரும் வருஷமும் அதில் வெட்டியிருக்கும். ஆடின பையன்களின் பெயர் இருக்காது. அதைத் தூக்கிய கைகள் யாருடையவை என்று தெரிந்த ஒரே புத்தகம் அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறது. அதைப் போய் மூடச் சொல்கிறாயே!

ஆனால் அவர்கள் பேச்சில் ஒரு குறை உண்டு. அந்த இனத்தைச் சேர்ந்தவன் என்பதால் எனக்கு அது நன்றாகத் தெரியும்.

எங்கள் செட்டைத்தான் உனக்குத் தெரியுமே. சாயங்காலம் கடைத்தெரு டீக்கடையில் கூடினால் எந்தப் பேச்சும் கடைசியில் 1988-க்கு வந்து நிற்கும். அந்த வருஷம் தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பை வாங்கியது. கேப்டன் வாசுதேவன். சேப்பாக்கத்தில் இறுதி ஆட்டத்தில் ரயில்வேஸை ஒரு இன்னிங்ஸ், 144 ரன் வித்தியாசத்தில் அடித்தோம். அதே வருஷம் இரானிக் கோப்பை ஆட்டத்தில் வி.பி. சந்திரசேகர் 56 பந்தில் நூறு போட்டார். அப்போது எனக்குச் சூளையில் ராத்திரி ஷிப்ட். முடிந்து வெளியே வந்ததும் முதல் வேலை பேப்பர் வாங்குவது, விளையாட்டுப் பக்கத்தைச் சுற்றி நின்று ஆளுக்கொரு வரி வாசிப்பது. இன்றும் சொன்னால் உடம்பு சிலிர்க்கிறது.

இதே செட் 1973-ஐப் பற்றிப் பேசி நீ கேட்டிருக்கிறாயா? அதே சேப்பாக்கம், அதே ரஞ்சி இறுதி ஆட்டம். பம்பாயை 151-க்கும் 113-க்கும் சுருட்டிவிட்டு, நாம் 80-க்கும் 61-க்கும் அவுட் ஆனோம். பம்பாயின் ஷிவால்கர் ஒருவரே 13 விக்கெட். மூன்றாம் நாள் முதல் பந்திலேயே கதை முடிந்தது. 1955-இல் முதல் கோப்பை, அடுத்தது 1988-இல். நடுவே 33 வருஷம். வெங்கட்ராகவனும் வி.வி. குமாரும் விரல் தேயப் பந்து போட்ட காலம் அதற்குள்தான் வருகிறது. எங்கள் பேச்சில் அந்த 33 வருஷத்துக்கு இடமே கிடையாது. நேரே கோப்பை தூக்கிய நாளுக்குப் போய்விடுவோம். அதற்கப்புறம் 2003, 2004, 2012, 2015 என்று இறுதிவரை போய்க் கோப்பை கிடைக்காமல் திரும்பிய பையன்கள் அத்தனை பேரையும் வாசுதேவன் டீமோடு வைத்து அளந்திருக்கிறோம். எந்தப் பையனும் எங்கள் டீக்கடைக்கு வந்து கேட்கவில்லை என்பதால் யாருக்கும் வலிக்கவில்லை. உங்கள் கோர்ட்டில் படிக்கட்டு பக்கத்திலேயே இருக்கிறது. அதுதான் வித்தியாசம்.

உனக்குப் பதில் எழுதவேண்டும் என்று லைப்ரரியிலும், உன் தங்கச்சியின் போனிலும் கூடைப்பந்தைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். காலேஜ் கூடைப்பந்து என்றால் அமெரிக்காதான். அங்கே லாஸ் ஏஞ்சலஸில் யுசிஎல்ஏ என்று ஒரு பல்கலைக்கழகம். ஜான் வூடன் அதன் கோச். 1964 முதல் 1975 வரை பன்னிரண்டு வருஷத்தில் பத்து தேசியக் கோப்பை. தொடர்ந்து 88 ஆட்டம் தோற்கவே இல்லை. 1974 ஜனவரியில் நாட்ரடாம் காலேஜோடு ஆடும்போது, மூன்றரை நிமிஷம் மிச்சம் இருக்கையில் 11 புள்ளி முன்னால் இருந்து, ஒரே புள்ளியில் தோற்றதும்தான் அந்த வரிசை முடிந்தது. அந்த வருஷம் தேசியக் கோப்பையும் கைவிட்டுப் போனது. அடுத்த வருஷம் திரும்ப ஜெயித்தார்கள். ஜெயித்த கையோடு ஒரு ரசிகர் வந்து, போன வருஷம் எங்களைக் கைவிட்டதற்கு இது சரியாப் போச்சு என்ற தொனியில் வாழ்த்தினாராம். பத்தாவது கோப்பை வாங்கிய மனுஷனிடம்! வூடனே பிற்பாடு சொன்ன சம்பவம் இது.

வூடன் விலகியதும் ஜீன் பார்ட்டோ என்பவர் கோச்சாக வந்தார். இரண்டு சீசனில் 52 வெற்றி, 9 தோல்வி. முதல் வருஷமே கடைசி நான்கு டீமுக்குள் கொண்டுபோனார். போதவில்லை. தோற்ற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வூடன் பெயரைச் சொல்லி ஏச்சு. 1977-இல் விட்டுவிட்டுப் போய்விட்டார். எங்கே போனார் தெரியுமா? அலபாமாவில் கூடைப்பந்து டீமே இல்லாத ஒரு பல்கலைக்கழகத்துக்கு. அங்கே ஒன்றுமில்லாததிலிருந்து ஒரு டீமை உண்டாக்கி, பல வருஷம் வேலை பார்த்தார். அவரை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது. நல்ல கோச்சை ஊர் ஞாபகமே துரத்திவிட்டது. யுசிஎல்ஏ அடுத்த கோப்பையைப் பார்க்க 1995 ஆயிற்று.

இதில் நீ பிடித்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. வூடன் யுசிஎல்ஏவுக்கு வந்தது 1948-இல். முதல் தேசியக் கோப்பை 1964-இல். அதற்கு முன் பதினைந்து சீசன் அது கைக்கு வரவில்லை. அப்போது பிராக்டிஸ் நடந்த இடம் பழைய ஜிம். ஒரு பக்கம் மல்யுத்தம், ஒரு பக்கம் ஜிம்னாஸ்டிக்ஸ், நடுவில் இவர்கள். பிராக்டிஸுக்கு முன்னால் தரையை வூடனே பெருக்கித் துடைப்பாராம். சீசன் தொடங்கும் முதல் நாள் பையன்களை உட்காரவைத்து, சாக்ஸ் மடிப்பு விழாமல் எப்படிப் போடுவது, ஷூ நாடாவை எப்படி இறுக்குவது என்று சொல்லிக்கொடுப்பார். மடிப்பு இருந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் பிராக்டிஸ் போச்சு. 1964 டீமின் முதல் ஐந்து பேரில் ஆறடி ஐந்து அங்குலத்துக்கு மேல் ஒருவரும் இல்லை. உயரம் இல்லாததால்தான் கோர்ட் முழுக்க ஆளை விடாமல் நெருக்கிப் பிடிக்கும் ஆட்டத்தை எடுத்தார்கள். ஒரு ஆட்டம் தோற்காமல் முப்பதும் ஜெயித்தார்கள். இறுதி ஆட்டத்தில் 26 புள்ளி போட்ட கென்னி வாஷிங்டன் அந்த ஐவரில் ஒருவரே கிடையாது, பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவர். உங்கள் டீமில் உயரமான ஆள் இல்லை என்று நீ குறைப்பட்டிருந்ததைப் படித்தபோது இந்த வரிகளைத்தான் உனக்குக் காட்டத் தோன்றியது.

இனி நம் ஊர் விஷயம் ஒன்று சொல்கிறேன். இது நான் கையால் தொட்டு அறிந்தது. செராமிக் பேட்டையில் பொம்மை வார்ப்பதை நீ சின்ன வயசில் பார்த்திருக்கிறாய். நெய்வேலிப் பக்கத்து வெள்ளைக் களிமண்ணைக் கரைத்துப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவோம். அச்சு தண்ணீரை இழுத்துக்கொள்ளும், மண் சுவரோரமாகப் படியும், மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் விட்டு அச்சைப் பிரித்தால் பொம்மை நிற்கும். பெண்கள் கத்தியால் தையலைச் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து வரிசையாக வைப்பார்கள். காயும்போது அது சுருங்கும். சூளையில் வேகும்போது இன்னும் சுருங்கும். அதற்காகவே மூல உருவத்தைப் பெரிதாகச் செய்வது. அவசரக்காரர்கள் சிலர், நன்றாக வந்த பொம்மை ஒன்றை, வெந்து முடிந்ததை எடுத்து, அதன்மேலேயே பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுப்பார்கள். அதில் வார்த்தால் பிள்ளையார் ஒரு சுற்றுச் சிறிதாக வருவார். தும்பிக்கை வளைவு மழுங்கியிருக்கும், விரல்கள் ஒட்டியிருக்கும். அதிலிருந்து இன்னொரு அச்சு எடுத்தால் அதைவிடச் சிறிது. மூல உருவத்திடம் திரும்பிப் போனால்தான் அளவு சரியாக வரும்.

சீனியர்கள் உங்களுக்குக் காட்டுவது வெந்து முடிந்த பொம்மையை. இறுதி ஆட்டம், கடைசி நிமிஷம், தோளில் தூக்கியது. அதை அப்படியே நகல் எடுக்கப் பார்த்தால் நீங்கள் சின்னதாகத்தான் வருவீர்கள். அந்த டீம் எப்படி உருவானது என்று அவர்களிடம் கேள். கேட்கத் தெரிந்துவிட்டால் அவர்களே மாறிவிடுவார்கள், பார்த்துக்கொண்டே இரு.

முதலில் பிராக்டிஸ் முடிந்ததும் வியர்வையோடு ஓடிப்போகாமல் அவர்கள் பக்கத்தில் போய் உட்கார். "அண்ணே, அந்த வருஷம் காலையில எத்தனை மணிக்கு கோர்ட்டுக்கு வருவீங்க" என்று ஆரம்பி. கோர்ட் அப்போது மண்ணா சிமென்ட்டா, லைட் இருந்ததா, யாருக்குப் பந்து வாங்கக் காசு இருந்தது, பஸ் சார்ஜ் யார் கொடுத்தார், எந்த ஆட்டத்தில் தோற்றே போயிருப்பார்கள், அன்று என்ன மாற்றினார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேள். முக்கியமாக பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏழாவது, எட்டாவது ஆள் யார், இப்போது எங்கே இருக்கிறார் என்று கேள். ஸ்டாராக இருந்தவரைவிட அவருக்கு நிறைய ஞாபகம் இருக்கும். பெஞ்சிலிருந்து ஆட்டத்தை முழுசாகப் பார்த்தவர் அவர்தான். சொன்னதையெல்லாம் அன்று ராத்திரியே ஒரு நோட்டில் எழுதிவை. பெயர்களை இனிஷியலோடு எழுது. பெயர் கிடைத்ததும் பி.டி. சாரிடம் கேட்டு ஒரு தகடு செய்து அந்தக் கோப்பைக்குக் கீழே வைக்கச் சொல். பெரிய செலவு ஆகாது. குறைந்தால் நான் தருகிறேன்.

"அவன் இருந்தா" என்று சொல்கிறவரை எதிர்த்துப் பேசாதே, தலை குனிந்து கேட்டுக்கொண்டும் நிற்காதே. "அவர் இருந்தா இந்தப் பந்தை எப்படிண்ணே எடுத்திருப்பாரு, வந்து காட்டுங்க" என்று கோர்ட்டுக்குள் கூப்பிடு. வயசான உடம்பு இறங்கி வந்து நின்று காட்டும்போது, அவர் கால் வைக்கும் இடத்தைக் கவனி. அதில் உனக்கு ஒரு விஷயம் கிடைக்கும். அவருக்கும் அன்று ராத்திரி நன்றாகத் தூக்கம் வரும்.

ஆட்டம் தொடங்கிவிட்டால் மட்டும் படிக்கட்டுப் பக்கம் திரும்பாதே. ஃப்ரீ த்ரோவுக்கு நிற்கும்போது உன் கண்ணில் ரிங் மட்டும் இருக்கட்டும். அந்த நாற்பது நிமிஷம் உங்களுடையது, அதில் பழைய டீமுக்குப் பங்கு கிடையாது. தோற்றாலும் உங்கள் தோல்வியாக இருக்கட்டும். 2022-இல் சென்னையில் தமிழ்நாடு ஆண்கள் கூடைப்பந்து அணி தேசியக் கோப்பையை வாங்கியபோது நீ ஸ்கூல் பையன், போனில் பார்த்துவிட்டுத் தெரு முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினாய். இன்னும் இருபது வருஷம் போனால் அதைப் பற்றிப் பேசிக்கொண்டு ஏதாவது ஒரு படிக்கட்டில் நீயும் உட்காரத்தான் போகிறாய்.

முழங்காலுக்கு ஐஸ் வைப்பதை நிறுத்தாதே. சாக்ஸ் விஷயத்தை உன் ஜூனியர்களுக்கும் சொல். அத்தை வறுத்த முந்திரி ஒரு டப்பா கட்டியிருக்கிறாள், அடுத்த வாரம் சென்னை வரும் நம் தெருப் பையனிடம் கொடுத்து விடுகிறேன், படிக்கட்டில் இருப்பவர்களுக்கும் கொடு. ஜோனல் ஆட்டத்துக்கு அட்டவணை போட்டதும் தேதியை உடனே எழுது. நானும் டீக்கடை செட்டில் இரண்டு பேரும் பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறி வருகிறோம். டிக்கெட்டுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கவேண்டும்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்