கிராம அஞ்சலகமும் மூதாட்டியர் வாழ்வும்

‘நூறாண்டு வாழ்க’ என வாழ்த்துவது நம் மரபு. அவ்வாழ்த்து இன்று பலர் வாழ்வில் பலித்து வருகிறது. நாடு விடுதலை பெற்ற காலத்தில் நம் மக்களின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகளே. இப்பொழுது அது 70 ஆண்டு அளவை எட்டிவிட்டது. 2011ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 8.6 பேர், தமிழ்நாட்டிலோ 10.4 பேர். இவர்களுள் பெண்கள் ஆண்களைக் காட்டிலும் சில ஆண்டுகள் கூடுதலாக வாழ்கின்றனர். ஆகவே கணவனை இழந்த பின் தனித்து வாழும் மூதாட்டியர் ஒவ்வொரு சிற்றூரிலும் உளர்.

ஆயுள் நீண்டது, அதற்கேற்ப வருவாய் நீண்டதா என்பதே நாம் ஆராய வேண்டிய வினா. உழவுக்கும் தறிக்கும் உழைத்த கைகள் ஓய்ந்த பின் அவற்றில் மாதந்தோறும் ஏதேனும் ஒரு தொகை வந்து சேர வேண்டும். அதனைக் கொண்டு சேர்ப்பவருள் முதன்மையானவர் கிராம அஞ்சல் ஊழியர். அவ்வூழியர் பல ஊர்களில் ஒரு பெண்மணியாகவே இருக்கிறார். அவரும் ஒரு நாள் பாட்டியாகிறார். பிறர் முதுமைக்குத் துணை நின்ற அவருடைய முதுமைக்குத் துணை யார் என்பதும் இக்கட்டுரையில் அடங்கும்.

களம்பூரும் அதன் சூழலும்

திருவண்ணாமலை மாவட்டத்துக் களம்பூர், ஆரணிக்கும் போளூருக்கும் இடையே அமைந்த பேரூராட்சி. ஆரணியின் பெயரைத் தாங்கிய ‘ஆரணி ரோடு’ இரயில் நிலையம் உண்மையில் களம்பூரிலேயே இருக்கிறது. நெல்லும் அரிசி ஆலையும் ஒருபுறம், பட்டுத் தறி மறுபுறம் என இவ்வட்டாரத்து மக்களின் பிழைப்பு இரண்டு கால்களில் நிற்கிறது.

இவ்விரு தொழில்களுக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. வருவாய் ஒரே சீராக வருவதில்லை. அறுவடைக் காலத்தில் உழவன் கையில் பணம் புரளும். பின்னர்ப் பல மாதம் வறளும். முகூர்த்த நாட்கள் நெருங்கும்போது நெசவாளிக்கு வேலை மிகும். மழைக்காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஊறித் தறி நிற்கும். அன்றியும், நெசவாளர் இல்லங்களில் நூல் இழைப்பதும் தார் சுற்றுவதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. ஆனால் கூலி குடும்பத் தலைவர் கைக்கே செல்கிறது. வயலில் நாற்று நட்டுக் களை பறித்த பெண்ணின் நிலையும் ஏறத்தாழ இதுவே. ஆயுள் முழுவதும் உழைத்தும் தன் பெயரில் ஒரு பாஸ் புத்தகம் இல்லாத மூதாட்டியர் உளர் என்றால், அதன் காரணம் இங்கேயே இருக்கிறது.

அஞ்சலகம் வளர்ந்த வரலாறு

நம் நாட்டில் அஞ்சல் துறை 1854ஆம் ஆண்டில் ஒழுங்குற அமைக்கப்பெற்றது. 1880இல் மணியார்டர் முறையும், 1882 ஏப்ரல் முதல் நாளன்று அஞ்சலகச் சேமிப்பு வங்கியும் தொடங்கின. விடுதலையின்போது நாட்டில் 23,344 அஞ்சலகங்கள் இருந்தன. இன்று அவை 1,64,000க்கும் மேற்பட்டவை. அவற்றுள் பத்தில் ஒன்பது பங்கு கிராமங்களில் உள்ளன.

காலம் மாற, அஞ்சலகத்தின் பணிகளும் மாறின. தந்திப் பணி 2013 ஜூலையோடு முடிவுற்றது. பதிவுத் தபால் 2025 செப்டம்பர் முதல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டது. ஆனால் பணப்பணி வளர்ந்தது. 1995இல் கிராமிய அஞ்சல் ஆயுள் காப்பீடும், 2018 செப்டம்பரில் நாடெங்கும் இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கியும் வந்தன. இன்று கிளை அஞ்சலகத்தில் கையடக்கக் கருவியொன்று உண்டு. ஆதார் எண்ணும் விரல்ரேகையும் கொண்டு, வங்கிக் கணக்கிலுள்ள பணத்தை மூதாட்டி தன் வீட்டுத் திண்ணையிலிருந்தே பெறலாம். ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் தரவேண்டிய உயிர்வாழ் சான்றையும் 2020 முதல் அஞ்சல் ஊழியர் வீடு தேடி வந்து பதிவு செய்கிறார்.

உரியவர் கையில் சேர்த்தல்

தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியத் திட்டம் 1962 ஏப்ரலில் தொடங்கியது. ஆயிரம் ரூபாயாக இருந்த மாதத் தொகை 2023 ஆகஸ்ட் முதல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. செல்வர்க்கு இது சிறு தொகை. தனித்து வாழும் மூதாட்டிக்கோ அரிசி போக மருந்தும் எண்ணெயும் வாங்கும் தொகை இதுவே. அத்தொகையை அவர் கையில் சேர்ப்பது எத்துணை அரிய பணி என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு.

திருநெல்வேலி மாவட்டத்தில், களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் உள்ளே இஞ்சிக்குழி என்னும் காணிக்காரர் குடியிருப்பு உள்ளது. அங்கு வாழ்ந்த, 110 வயது எனக் கூறப்பட்ட மூதாட்டி ஒருவருக்கு முதியோர் ஓய்வூதியம் கிடைக்க மாவட்ட ஆட்சியர் ஏற்பாடு செய்தார். பாபநாசம் மேலணைக் கிளை அஞ்சலகத்தின் அலுவலர் கிறிஸ்துராஜா, மாதந்தோறும் காரையாறு நீர்த்தேக்கத்தைப் படகில் கடந்து, காட்டுவழி நடந்து, அத்தொகையை அவரிடம் சேர்த்து வந்த செய்தி 2021இல் நாடறிந்தது. ஒருநாள் முழுதும் செல்லும் பயணமாதலின் ஞாயிற்றுக்கிழமையை அதற்கு ஒதுக்கினார். நீலகிரியில் குன்னூர்ப் பகுதியில் பணியாற்றி 2020இல் ஓய்வு பெற்ற தபால்காரர் டி. சிவன், யானைகள் நடமாடும் காட்டு வழியே நாள்தோறும் நடந்து கடிதமும் ஓய்வூதியமும் கொடுத்தவர்.

களம்பூர்ச் சுற்றுப்புறத்தில் ஆற்றைக் கடக்கவோ யானைக்கு அஞ்சவோ வேண்டுவதில்லை. இங்குள்ள இடையூறு வேறு வகை. ‘பாட்டிக்குக் காது கேளாது, என்னிடம் கொடுங்கள்’ என்று கைநீட்டும் உறவினரே அந்த இடையூறு. நேர்மையுள்ள ஊழியர் இவ்விடத்தில் இணங்குவதில்லை. திண்ணையில் அமர்ந்து, பாட்டியை அழைத்து, தொகையை உரக்கச் சொல்லி, எண்ணி அவர் கையிலேயே கொடுக்கிறார். கையில் பணம் இருக்கும் முதியவருக்கு வீட்டில் தனி மதிப்பு உண்டு. பேரனுக்கு ஒரு தின்பண்டம் வாங்கிக் கொடுக்க முடிகின்ற பாட்டி, எவரிடமும் கையேந்துபவராக எண்ணப்படுவதில்லை.

கிளை அஞ்சலகத்துப் பெண்மணி

வீடுதோறும் சென்று கடிதம் கொடுக்கும் வேலை நெடுங்காலம் ஆடவர்க்கே உரியதாகக் கருதப்பட்டது. ஆலப்புழையில் மிதிவண்டியேறிப் பணிபுரிந்த கே. ஆர். ஆனந்தவல்லி, கேரளத்தின் முதற் பெண் தபால்காரர் எனப் பெயர் பெற்றார். இன்று கிளை அஞ்சலகப் பொறுப்பில் பெண்கள் பலர் உளர். இது இயல்பே, எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டி தன் குடும்பத் துயரையும் பணக் கணக்கையும் ஒரு பெண்ணிடம் தயக்கமின்றிச் சொல்கிறார்.

இப்பணியாளர் முன்னர்த் ‘துறைசாராப் பணியாளர்’ என்ற பொருள்படும் பெயரால் வழங்கப்பட்டனர். 2001ஆம் ஆண்டு விதிகளுக்குப் பின் ‘கிராமின் டாக் சேவக்’ எனப் பெயர் பெற்றனர். இவர்களது நிலையைத் தெளிவாக்கிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பி. கே. இராசம்மா என்னும் பெண் பணியாளரின் பெயராலேயே வழங்குகிறது. 1977இல் வந்த அத்தீர்ப்பு, இவர்கள் வகிப்பது அரசின்கீழ் உள்ள ஒரு பதவியே என்றும், அரசியலமைப்பின் 311ஆம் பிரிவின் பாதுகாப்பு இவர்களுக்கு உண்டு என்றும் கூறியது. உரிய விசாரணையின்றி இவர்களை நீக்குதல் செல்லாது என்பது இதனால் நிலைபெற்றது.

ஆயினும் இவர்கள் முழுநேர அரசு ஊழியர் அல்லர். நாளொன்றுக்கு நான்கு அல்லது ஐந்து மணிநேரமே பணி. 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி கிளை அஞ்சலக அலுவலரின் தொடக்க ஊதியம் 12,000 அல்லது 14,500 ரூபாய், அகவிலைப்படி தனி. அஞ்சலகத்துக்கு வேண்டிய இடத்தையும் அவரே ஏற்பாடு செய்ய வேண்டும். எனவேதான் பல ஊர்களில் அஞ்சலகம் அவர் வீட்டு முன்கூடத்திலேயே நடக்கிறது.

65 வயதில் அவர் பணியிலிருந்து விலக வேண்டும். பணிக்கொடையாக ஒரு தொகை கிடைக்கும். 2011 முதல் ஒரு பங்களிப்புத் திட்டமும் நடந்து வருகிறது. ஆனால் முறையான அரசு ஊழியர்க்கு உள்ளது போன்ற மாத ஓய்வூதியம் இல்லை. அவர் 85 வயது வரை வாழ்வார் என்று கொள்வோம். விலகிய பின் 20 ஆண்டுகள். அதாவது 240 மாதங்கள். ஊரார் அனைவருக்கும் ‘சேமியுங்கள்’ என்று சொன்னவர், அந்த 240 மாதங்களுக்குத் தாமே முன்னரே சேமித்திருந்தாலன்றி வழியில்லை. உழவர் இல்லத்து மூதாட்டிக்கும் நெசவாளர் இல்லத்து மூதாட்டிக்கும் உள்ள அதே கணக்கு அவருக்கும் உண்டு.

முதுமைக்கு இன்றே வித்திடுதல்

விதைநெல்லை உண்ணாத உழவனுக்குச் சேமிப்பைப் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை. எடுத்துக்காட்டாகச் சில கணக்குகளை மட்டும் காண்போம்.

அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதம் 500 ரூபாய் வீதம் ஐந்தாண்டு செலுத்தினால் போட்ட தொகை 30,000 ரூபாய். வட்டி 6.7 விழுக்காடு என்று கொண்டால் முடிவில் கையில் வருவது ஏறத்தாழ 35,680 ரூபாய். 60 வயது நிரம்பியோர் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் சேரலாம். 2023 முதல் இதன் உச்சவரம்பு 30 இலட்சம் ரூபாய். இதில் ஓர் இலட்சம் ரூபாய் வைத்து, வட்டி 8.2 விழுக்காடு என்று கொண்டால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 2,050 ரூபாய் வரும். வட்டி வீதத்தை அரசு காலாண்டுதோறும் அறிவிப்பதால், பணம் செலுத்துமுன் அன்றைய வீதத்தைக் கேட்டறிதல் வேண்டும். பெண் குழந்தை உள்ள வீட்டார் 2015இல் தொடங்கிய செல்வமகள் சேமிப்புத் திட்டத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கணக்கு வைத்திருப்போர் நான்கு செயல்களை மறவாது செய்ய வேண்டும். முதலாவது, கணக்கு அவரவர் பெயரிலேயே இருத்தல். இரண்டாவது, வாரிசு நியமனம் செய்தல். அது இல்லாமையால் இறந்தவர் பணத்துக்குப் பிள்ளைகள் பல மாதம் அலைகின்றனர். மூன்றாவது, பணம் செலுத்திய அன்றே பாஸ் புத்தகத்தில் பதிவோ அச்சிட்ட சீட்டோ பெறுதல். நான்காவது, விரல்ரேகை வைக்குமுன் எவ்வளவு தொகை எனக் கேட்டல். ‘ரேகை பதியவில்லை’ என்று எவரேனும் மீண்டும் மீண்டும் விரலை வைக்கச் சொன்னால், கணக்கில் பணம் குறைந்துள்ளதா எனப் பார்த்தல். நேர்மையான ஊழியர் இக்கேள்விகளை விரும்பி வரவேற்பார்.

ஊராட்சி செய்யத் தக்கவை

சேமிப்பு தனியொருவர் கடமை. அதற்குச் சூழலை அமைப்பது ஊராட்சியின் கடமை. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாட்களில் கூடுகிறது. அவற்றுள் ஒன்றாகிய அக்டோபர் 2க்கு முந்திய நாள் உலக முதியோர் நாள். அதே மாதம் 9ஆம் நாள் உலக அஞ்சல் நாள். ஆகவே அக்டோபர்க் கூட்டம் இப்பொருளை ஆராய ஏற்றது. களம்பூர் போன்ற பேரூராட்சிகளில் மன்றக் கூட்டத்தில் இதனை எடுத்துக்கொள்ளலாம். அங்ஙனம் ஆராயத் தக்கவை வருமாறு:

1. வார்டுதோறும் 60 வயதைக் கடந்து தனித்து வாழ்வோர் யாவர்? அவருள் தகுதியிருந்தும் ஓய்வூதியம் பெறாதார் எத்தனை பேர்? அவர்களுக்கு விண்ணப்பம் எழுதி வட்டாட்சியர் அலுவலகத்தில் சேர்ப்பிக்கும் பொறுப்பை எந்த உறுப்பினர் ஏற்பார்?

2. கூட்டுறவுச் சங்கத்து நெசவாளருக்கென உள்ள முதியோர் ஓய்வூதியத் திட்டத்தைத் தகுதியுடையோர் அனைவரும் அறிவரா?

3. கிளை அஞ்சலகத்துக்குப் பாதுகாப்பான இடம் உண்டா? ஊராட்சிக் கட்டடத்தில் ஓர் அறை ஒதுக்க இயலுமா? முதியோர் அமர ஒரு பெஞ்சும், படியேறக் கைப்பிடியும், குடிநீரும் உண்டா?

4. பணம் கொண்டுசெல்லும் பெண் ஊழியர் செல்லும் பாதையில் தெருவிளக்கு எரிகிறதா?

5. பிள்ளைகளால் கைவிடப்பட்ட முதியோர் உளரா? 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்கீழ்க் கோட்டாட்சியரிடம் முறையிட்டு மாதம் 10,000 ரூபாய் வரை பெறலாம் என்பதையும், 14567 என்னும் முதியோர் உதவித் தொலைபேசி எண்ணையும் அவர்கள் அறிவரா?

6. பணியிலிருந்து விலகிய அஞ்சல் ஊழியர் ஊரில் உளரா? அவரது அறிவை ஊர் எவ்வாறு பயன்படுத்துகிறது?

ஆறாவது வினா சிறிதெனத் தோன்றலாம், அன்று. முப்பது, நாற்பது ஆண்டு ஓர் ஊரின் அஞ்சலகத்தை நடத்திய மூதாட்டிக்கு, எந்த வீட்டில் எவர் பிறந்தார், எவர் வெளியூர் சென்றார், எந்தக் கைம்பெண்ணுக்கு எந்தப் படிவம் நிரப்பவேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். அவரை மகளிர் சுயஉதவிக் குழுவின் கூட்டத்துக்கு அழைத்து, பாஸ் புத்தகத்தைப் படிக்கவும் படிவத்தை நிரப்பவும் கற்றுத்தரச் சொல்லலாம். அவருக்கு ஓய்வூதியத் தகுதி இருப்பின் அதனைப் பெற்றுத் தருதலும் நம் கடன். பிறர் பணத்தை ஒரு காசும் குறையாமல் கொடுத்தவர், தமக்கு உரியதைக் கேட்க நாணி ஒதுங்கி நிற்றல் கூடும். நாமே சென்று கேட்டறிய வேண்டும்.

சாலையும் பள்ளியும் கிணறும் கண்ணுக்குத் தெரியும் வளர்ச்சி. மாதத்தின் முதல் வாரத்தில் ஒரு மூதாட்டி தன் கையால் பணத்தை எண்ணி வாங்கி, முந்தானையில் முடிந்துகொள்வதும் வளர்ச்சியே. நம் ஊராட்சிகளில் எத்தனை பாட்டியர் அவ்வாறு வாங்குகின்றனர் என்ற கணக்கை, வரும் கூட்டத்திற்கு முன் ஒவ்வோர் உறுப்பினரும் தத்தம் வார்டில் எடுத்து வருவாராக.