கூட்டம் வந்தது, பேச்சு வரவில்லை

2019 நவம்பரில் இந்தியாவிலிருந்து ஒரு பெருங்கூட்டம் ட்விட்டரை விட்டு மாஸ்டடான் என்ற இன்னொரு சமூக ஊடகத்துக்குக் கிளம்பியது. உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டதுதான் அதைப் பற்ற வைத்தது. ட்விட்டரின் நீல டிக் சாதி பார்த்துத் தரப்படுகிறது என்ற குமுறலும் அதே நாட்களில் எழுந்திருந்தது. நானும் அந்தக் கூட்டத்தோடுதான் போய்ச் சேர்ந்தேன். முதல் சில நாட்கள் ஒரே அமர்க்களம். “நானும் வந்தாச்சு”, “யார் யாரெல்லாம் இருக்கீங்க?”, “இங்க ரீட்வீட் பட்டன் எங்க இருக்கு?” என்று இந்த மூன்று வகைப் பதிவுகளே மாறி மாறி ஓடின. கொஞ்ச நாளில் பெரும்பாலோர் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டார்கள். 2022 அக்டோபர் கடைசியில் ஈலான் மஸ்க் ட்விட்டரை வாங்கியபோது இதே காட்சி உலக அளவில் நடந்தது. வந்ததும் அதே மாதிரி, பெரும்பாலோர் திரும்பிப் போனதும் அதே மாதிரி.

இரண்டு முறையும் தங்கியவர்கள் யார் என்று கவனித்திருக்கிறேன். ட்விட்டரில் ஆயிரக்கணக்கில் ஃபாலோயர் வைத்திருந்தவர்கள்தான் முதலில் கிளம்பிப் போனார்கள். வந்த சுருக்கில் முகம் தெரியாத இரண்டு மூன்று பேரோடு பேச்சுக் கொடுத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் ஒரு சின்னத் தமிழ் சர்வரில் நானும் ஒரு மாடரேட்டர். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வதெல்லாம் இதிலிருந்து கிளைத்ததுதான்.

பெரும்பாலோர் இப்படித் திரும்பிப் போவதற்கு மனித சுபாவம் பாதிக் காரணம் என்றால், மீதிப் பாதி தொழில்நுட்பம். மாஸ்டடானை ஆய்கன் ரோஹ்கோ என்ற ஜெர்மானிய இளைஞர் 2016இல் வெளியிட்டார். ஆயிரக்கணக்கான தனித்தனி சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கு ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறை உண்டு. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் அதை ஏற்றுக்கொண்டது. இந்த ஏற்பாட்டில் எல்லாப் பதிவும் எல்லா சர்வருக்கும் போய்ச் சேராது. உங்கள் சர்வரில் யாராவது ஒருவர் ஒரு வெளியாளை ஃபாலோ செய்தால்தான் அவர் எழுதுவது அங்கே தொடர்ந்து வந்து இறங்கும். சிற்றிதழ் அந்தக் காலத்தில் ஊருக்குள் வந்த விதம் இதுதான்: ஒரே ஒருவர் சந்தா கட்டியிருப்பார், அவர் வீட்டுத் திண்ணையில் பத்துப் பேர் படிப்பார்கள். சந்தாவுக்கு முந்தைய பழைய இதழ்கள் வராது. மாஸ்டடானிலும் அப்படித்தான், ஃபாலோ செய்த பிறகு எழுதுவதுதான் வரும். சின்ன சர்வரில் ஒருவருடைய பக்கம் வெறிச்சோடித் தெரிந்தால் அவர் எழுதாதவர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அவருடைய சொந்த சர்வரில் போய்ப் பார்த்தால் நூற்றுக்கணக்கில் இருக்கும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எங்கள் சர்வரில் கணக்கு தொடங்கினார். கல்வெட்டு, நடுகல் என்று அலைகிறவர். ஃபேஸ்புக்கில் அவருக்கு நல்ல பெயர். நாலைந்து நாள் கழித்து ஃபோன் வந்தது.

“தம்பி, ஈ காக்கா இல்லையே இங்க?”

“சார், நீங்க யாரையாவது ஃபாலோ பண்ணீங்களா?”

“அவங்கதானே என்னைப் பண்ணணும்?”

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். ஃபேஸ்புக் பழக்கம் அது. அங்கே யாரை யாருக்குக் காட்டுவது என்று கம்பெனியின் அல்காரிதம் முடிவு செய்யும். நாம் எழுதிப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கலாம். இங்கே ஹோம் டைம்லைனில் நீங்கள் ஃபாலோ செய்தவர்களின் பதிவு நேர வரிசையில் வரும், அவ்வளவுதான். உங்களைக் கைதூக்கிவிட உள்ளே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

அவருக்குச் சொன்னது மூன்று விஷயம். முதலில் ஒரு அறிமுகப் பதிவு எழுதி அதைப் பக்கத்தின் உச்சியில் பின் செய்து வைப்பது. படமும் தன்குறிப்பும் இல்லாத கணக்கை பாட் என்று நினைத்துப் பலர் தாண்டிப் போய்விடுவார்கள். அடுத்து, ஆட்களோடு ஹேஷ்டேக்குகளையும் ஃபாலோ செய்வது. 2022 நவம்பரில் வந்த நான்காம் பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. மூன்றாவது, கொஞ்ச நாளைக்குச் சொந்தப் பதிவைக் குறைத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பதில் எழுதுவது. இதில்தான் அவருக்கு மனத்தாங்கல். “நான் எழுத வந்தேனா, பதில் சொல்ல வந்தேனா?” என்றார்.

அந்த சமயத்தில்தான் செங்கம் பக்கம் வயல் வரப்பில் கிடந்த ஒரு கல்லைப் படமெடுத்து, “இது என்ன எழுத்து, யாருக்காவது தெரியுமா?” என்று வேறொரு சர்வரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். தலைமையாசிரியர் வட்டெழுத்து என்று தொடங்கி, வீரன் கையில் இருப்பது என்ன, ஆநிரை கவர்வது என்றால் என்ன என்று ஐந்தாறு பதிவுகளில் விளக்கிவிட்டார். கேட்டவர் பூஸ்ட் செய்தார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் இருந்த, நாங்கள் கேள்விப்பட்டே இராத சர்வர்களுக்கெல்லாம் அது போனது. எங்கிருந்தெல்லாமோ கேள்விகள் வந்தன. அந்த ஒரு பதில் தேடித் தந்த ஆட்களை அவருடைய அறிமுகப் பதிவு தேடித் தரவில்லை.

பூஸ்ட் என்று சொன்னேன், ட்விட்டரின் ரீட்வீட் மாதிரிதான் அது. ட்விட்டரிலிருந்து வருகிறவர்கள் லைக்கோடு நின்றுவிடுகிறார்கள். மாஸ்டடானில் லைக் என்பது எழுதியவருக்குத் தலையசைப்பது மட்டுமே. அதனால் உங்கள் ஃபாலோயர் எவருடைய ஹோம் டைம்லைனுக்கும் அந்தப் பதிவு போகாது. பிடித்திருந்தால் பூஸ்ட் செய்யுங்கள். நாம் எழுதியது கம்மி, பூஸ்ட் செய்தது ஜாஸ்தி என்று கூச்சப்பட வேண்டியதில்லை. சின்னச் சமூகத்தில் நல்ல பூஸ்ட் செய்கிறவர்தான் பத்திரிகை ஆசிரியர்.

ஐந்தாறு பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போடும்போது ஒரு நாகரிகம் உண்டு. முதல் பதிவை மட்டும் ‘எல்லோருக்கும்’ என்று வைத்துவிட்டு, தொடர்ச்சியைப் பொது டைம்லைனில் காட்டாத வகையாக வைப்பார்கள். இல்லாவிட்டால் சர்வரின் பொது டைம்லைன் முழுக்க ஒரே முகமாகத் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் மியூட் செய்துவிடுவார்கள்.

ஹேஷ்டேக் விஷயத்தில் தமிழுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நாம் வேற்றுமை உருபை ஒட்டி எழுதுகிறவர்கள். #நடுகல், #நடுகற்கள், #நடுகல்லில் மூன்றும் கணினிக்கு மூன்று வேறு டேக். வாக்கியத்துக்கு நடுவில் டேக் போட்டால் இந்த வம்பு கட்டாயம் வரும். எனவே வாக்கியத்தை வாக்கியமாக எழுதிவிட்டு, டேக்கை எல்லாம் கடைசி வரியில் வெறும் சொல்லாகப் போடுவது என்று எங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டோம். எந்தத் தலைப்புக்கு எந்த டேக் என்பதையும் அப்படியே. பார்க்க அற்பமான ஏற்பாடு. ஆனால் மாஸ்டடானில் ஒருவரை இன்னொருவர் கண்டுபிடிப்பதற்கு ஹேஷ்டேக்தான் பிரதான வழி. முழு வாக்கியத் தேடல் 2023 செப்டம்பரில் வந்தது, அதிலும் தேட அனுமதி கொடுத்தவர்களின் பதிவுகள்தான் பொதுவில் அகப்படும்.

அதே மாதிரி இன்னொன்று, பதிவின் மொழி. எழுதும் பெட்டிக்குக் கீழே மொழியைக் குறிக்கும் ஒரு சின்ன பட்டன் இருக்கும். அது ஆங்கிலத்திலேயே நிற்க, நாம் பாட்டுக்குத் தமிழில் எழுதிக்கொண்டிருப்போம். தமிழ்ப் பதிவுகள் மட்டும் வேண்டும் என்று பொது டைம்லைனை வடிகட்டி வைத்திருப்பவர் கண்ணில் அது படாது. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் எந்தக் குரலில் படிப்பது என்பதையும் அந்தக் குறிப்பை வைத்தே தீர்மானிக்கும். எங்கள் சர்வரில் அப்படி ஒரு உறுப்பினர் இருக்கிறார். தலைமையாசிரியரின் படங்களுக்குக் கீழே ஒருநாள், “சார், கல்லுல என்ன இருக்குன்னு எழுதுங்களேன், எனக்கும் தெரியட்டும்” என்று கேட்டார். மாஸ்டடானில் படத்துக்கான விளக்கத்துக்கு 1,500 எழுத்து வரை இடம் உண்டு. அன்றிலிருந்து தலைமையாசிரியர் வீரனின் கொண்டை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, வில்லின் நாண் எங்கே உடைந்திருக்கிறது என்று எழுத ஆரம்பித்தார். என்னைக் கேட்டால் அவர் எழுதுவதில் ஆகச் சிறந்தது அந்த விளக்கங்கள்தான். பார்வை உள்ளவர்களும் அதைத் திறந்து படிக்கிறார்கள்.

ட்விட்டரில் போட்டதை அப்படியே இங்கே கொட்டும் தானியங்கிக் கருவிகள் ஒரு காலத்தில் ஏராளம். 2023இல் ட்விட்டர், வெளிக் கருவிகள் இணைய உதவும் தன் ஏபிஐக்குக் காசு கேட்கத் தொடங்கியதும் அவற்றில் பல நின்றுபோயின. எனக்கு அதில் வருத்தமே இல்லை. அப்படிப்பட்ட கணக்குக்குக் கீழே யாராவது கேள்வி கேட்டால் பதில் வராது. ஆள் இங்கே இல்லையே. இரண்டு தடவை பதில் கிடைக்காதவர் மூன்றாவது தடவை கேட்க மாட்டார். பிறகு மற்றவர்களிடம் கேட்பதையும் குறைத்துக்கொள்வார்.

மாடரேஷனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மாஸ்டடான்.சோஷியல் என்ற பெரிய சர்வரின் விதிகளில் இனவெறி, பாலினப் பாகுபாடு ஆகியவற்றோடு சாதிப் பாகுபாடும் பெயர் சொல்லித் தடை செய்யப்பட்டிருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் நம் ஊரில் சாதிச் சீண்டல் வசைச்சொல்லாக வருவது குறைவு. “உங்களுக்கு எந்த ஊர்?” என்று தொடங்கும். பிறகு எந்தத் தெரு என்று கேட்பார். பதில் வந்ததும், “ஓ, அந்தப் பக்கமா!” என்று ஒரு சிரிப்புப் பொம்மை. இதை யாராவது புகார் செய்தால் ஜெர்மனியில் இருக்கும் மாடரேட்டருக்கு எந்த மொழிபெயர்ப்புக் கருவியும் உதவாது. தமிழ் சர்வர் ஒன்று தனியாக இருக்க வேண்டியதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. எங்கள் விதிகளைத் தமிழில்தான் எழுதினோம், கேள்வியாகவே வரும் சீண்டலையும் அதில் சேர்த்தோம். பிரச்சினை வரும்போது முதலில் தனியே பேசிப் பார்ப்போம். பேச்சு எடுபடாவிட்டால் கணக்கை நீக்கிவிட்டு, நீக்கியதையும் காரணத்தையும் பொதுவில் சொல்லிவிடுவோம். சொல்லாமல் நீக்கினால் வதந்திதான் வளரும்.

தனியே பேசுவது என்றதும் ஒரு எச்சரிக்கை. மாஸ்டடானில் தனிச்செய்தி என்பது, குறிப்பிட்டவர்களுக்கு மட்டும் தெரியும் ஒரு பதிவு. அதில் மூன்றாம் நபரின் முகவரியை எழுதிவிட்டால் அந்தச் செய்தி அவருக்கும் போய்விடும். அவரைப் பற்றிப் புகார் சொல்லத்தான் எழுதினோம் என்றாலும் போய்விடும். செய்தி குறியாக்கம் செய்யப்படுவதும் இல்லை, அட்மின் நினைத்தால் பார்க்க முடியும். ரகசியம் பேச சிக்னல் மாதிரி வேறு செயலிகள் இருக்கின்றன.

ட்விட்டரை விட்டவர்கள் போகும் இன்னொரு தளமான ப்ளூஸ்கையின் கதை கொஞ்சம் வேறு. 2024 பிப்ரவரியில் அழைப்பு இல்லாமலே சேரலாம் என்று திறந்துவிட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் பிரேசில் நீதிமன்றம் எக்ஸை (ட்விட்டரின் புதுப் பெயர்) தடை செய்தபோது பிரேசில்காரர்கள் லட்சக்கணக்கில் அங்கே குவிந்தார்கள். அங்கே ஸ்டார்ட்டர் பேக் என்று ஒன்று உண்டு: ஒரு துறை ஆட்களைப் பட்டியலிட்டு ஒரே இணைப்பாகக் கொடுக்கலாம், புதிதாக வருகிறவர் ஒரே தட்டில் எல்லோரையும் ஃபாலோ செய்துவிடுவார். வெறுமை தெரியாது. பட்டியலில் போடும்போது தினமும் பேசுகிறவர்களாகப் பார்த்துப் போட வேண்டும். பிரபலங்களை அடுக்கினால் மறுபடியும் வேடிக்கை பார்க்கும் கூட்டம்தான் சேரும். தமிழில் எழுதுகிறவர்களுக்கு அங்கே ஒரு சின்ன லாபமும் இருக்கிறது. ட்விட்டரில் புள்ளியும் கொம்பும் தனித்தனி எழுத்துக் கணக்கு. ‘தமிழ்’ என்று எழுதினால் ஐந்து போய்விடும். ப்ளூஸ்கையின் 300 எழுத்து வரம்பில் நம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மூன்றுதான்.

கடைசியாகக் காசு. சின்ன சர்வரை விழுங்குவது பெரும்பாலும் படங்கள்தான். வெளி சர்வர்களிலிருந்து வரும் படங்களின் நகல் நம் வட்டில் சேர்ந்துகொண்டே போகும். இத்தனை நாளுக்கு மேற்பட்டவற்றை அழித்துவிடு என்று அமைப்பில் சொல்லி வைக்காவிட்டால் ஒருநாள் காலையில் வட்டு நிறைந்து சர்வர் படுத்திருக்கும். சர்வர் நின்றுபோவதிலிருந்து பெரிய இடங்களும் தப்புவதில்லை. ஃபயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லா, தன் மாஸ்டடான் சர்வரை 2024 டிசம்பரில் மூடிவிட்டது. இன்னொரு சர்வர் ஆப்கானிஸ்தானின் .ஏஎஃப் டொமைனில் இருந்தது. 2024 பிப்ரவரியில் தாலிபான் அரசு அந்த டொமைனை முடக்க, சர்வர் முகவரி இழந்து நின்றது. பெயர் அழகாக இருக்கிறதே என்று டொமைன் வாங்குகிறவர்கள் அது எந்த நாட்டுடையது என்றும் பார்த்துக்கொள்வது நல்லது.

வேறு சர்வருக்குக் குடிபோனால் ஃபாலோயர்கள் கூடவே வருவார்கள், பழைய பதிவுகள் வராது. ஆகவே அவ்வப்போது பதிவுகளின் பிரதியைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளும்படி உறுப்பினர்களிடம் சொல்லிவிடுகிறோம். மாஸ்டடான் தன் தளத்தில் பரிந்துரைக்கும் சர்வர்கள் ஓர் உடன்படிக்கைக்குக் கட்டுப்பட வேண்டும். தினமும் பேக்கப் எடுக்க வேண்டும், இன்னொருவரிடமும் அவசரத்துக்குச் சாவி இருக்க வேண்டும், மூடுவதானால் மூன்று மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்கிறது அது. நாங்கள் அந்தப் பட்டியலில் இல்லை என்றாலும் மூன்றையும் கடைப்பிடிக்கிறோம். எங்கள் இரண்டாவது சாவி கோயம்புத்தூரில் ஒரு உறுப்பினரிடம் இருக்கிறது. வரவு செலவை மாதாமாதம் பொதுப் பதிவாகவே போடுகிறோம். அதற்குக் கீழே, “வட்டு வாடகை ஏன் ஏறியிருக்கு?” என்று வந்து குடைகிறவர்கள்தான் அடுத்த மாதம் முதல் ஆளாகப் பணம் அனுப்புகிறார்கள்.