இரவு உலாவும் கைவிளக்கும்

இங்கிலாந்து தேசத்து நாட்டுப்புறங்களில் நாய் வளர்ப்போர் பலர். மழையாயினும் பனியாயினும் அந்நாயை நாள்தோறும் வெளியே அழைத்துச் சென்று உலாவச் செய்தல் அவர்தம் கடமையாகும். கோடையில் இஃது இனிய பொழுதுபோக்கே. டிசம்பர் மாதத்திலோ, இலண்டன் நகரையடுத்த பகுதிகளில் மாலை 4 மணிக்கு முன்னரே ஞாயிறு மறைந்துவிடுகின்றது. பணி முடிந்து வீடு திரும்புவோர் இருளிலேயே நாயுடன் புறப்பட வேண்டியவராகின்றனர். சிற்றூர்ச் சாலைகள் பலவற்றில் தெருவிளக்கில்லை, நடைபாதையுமில்லை, இருமருங்கும் உயர்ந்த வேலி, வளைவுகளோ பல. அத்தகைய வழியில் கைவிளக்கு உயிர்காக்குந் துணையாம். அதனை ஆளும் முறையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மின்கைவிளக்கிற்கு அமெரிக்காவில் டேவிட் மைசெல் என்பார் 1899-ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றார். அக்காலத்து மின்கலங்கள் வலிமை குன்றியவை. ஆதலின் விளக்கு நெடுநேரம் தொடர்ந்து எரியாது, கணநேரம் பளிச்சிட்டு ஓயும். ஆங்கிலத்தில் ‘பளிச்சிடும் விளக்கு’ என்று பொருள்படும் பெயர் அதற்கு வாய்த்தது அதனாலேயே. இன்றோ, எல்.இ.டி. என்னும் ஒளியுமிழ் டையோடும் லித்தியம் அயனி மின்கலமும் சேர்ந்து, உள்ளங்கையிலடங்கும் விளக்கையும் ஆயிரம் லூமனுக்கு மேல் ஒளிரச் செய்கின்றன.

நிற்க. லூமன் மிகுதியே சிறப்பென்று எண்ணுதல் பிழை. லூமன் என்பது விளக்கினின்று வெளிப்படும் ஒளியின் மொத்த அளவு. ஒரு திசையிற் குவிந்து பாயும் வலிமையைக் குறிப்பது காண்டெலா. ஒளியின் செறிவு தூரத்தின் வர்க்கத்திற்கேற்பக் குறையுமாதலின், எட்டும் தூரத்தை இருமடங்காக்க வேண்டின் காண்டெலா நான்மடங்காதல் வேண்டும். விளக்குச் செய்வோர் ‘எட்டும் தூரம்’ எனக் குறிப்பது, ஒளியானது ஏறத்தாழ முழுநிலவின் வெளிச்சமாகிய 0.25 லக்ஸ் அளவிற்குக் குறையும் இடத்தையே. 10,000 காண்டெலா உடைய விளக்கு 200 மீட்டரும், 40,000 காண்டெலா உடையது 400 மீட்டரும் எட்டும். வயல்வெளியை நோக்கக் குவிந்த ஒளியும், காலடியை நோக்கப் பரந்த மெல்லொளியும் வேண்டும். இரண்டும் ஒன்றன் வேலையை மற்றொன்று செய்யா.

நாய், ஆடு, மான், நரி ஆகியவற்றின் விழித்திரைக்குப் பின்னே ஆடி போன்ற படலம் ஒன்றுண்டு. அதன்மேற்பட்ட ஒளி வந்த வழியே திரும்புகின்றது. ஆகவே விளக்கைக் கன்னத்தருகே பிடித்து நோக்கினால் தொலைவிலுள்ள விலங்கின் கண்கள் இணைச்சுடராய்த் தோன்றும். இடுப்பளவிற் பிடித்தால் அவ்வளவு தெளிவாகத் தோன்றா. அச்சுடர்கள் மேய்ச்சல் நிலத்திற் காணப்படின் உடனே நாயை வாரிற் பிணித்தல் வேண்டும். விவசாய நிலத்திற் கால்நடைகளை வருத்தும் நாயின் உடையவரை 1953-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றவாளியாக்குகின்றது. மனிதர் கண்ணில் அப்படலம் இல்லை. ஆதலின், கருநிற ஆடையணிந்து நடப்பவரை வண்டியோட்டி எளிதிற் காணார். ஒளியை மீளச்செய்யும் பட்டையை நாமும் அணிந்து நாய்க்கும் அணிவித்தல் அறிவுடைமை.

இனி, பேரொளியால் விளையுந் தீங்கும் உண்டு. நம் கண் இருளுக்கு முற்றும் பழக ஏறத்தாழ அரைமணி நேரம் ஆகும். அப்பழக்கத்தை ஒரு கணப் பேரொளி கெடுத்துவிடும். எதிரே வரும் வண்டியோட்டியின் முகத்தில் விளக்கைப் பாய்ச்சுவோர், தம்மைக் காணவேண்டிய கண்ணையே குருடாக்குகின்றனர். வண்டி வருங்கால் ஒளியைக் குறைத்துத் தரைநோக்கித் தாழ்த்துக. மூடுபனியிலோ நீர்த்துளிகளிற் பட்ட ஒளி நம் கண்ணுக்கே திரும்பி வெண்டிரையாய் மறைக்கும். அப்போது விளக்கைக் கன்னத்தருகே கொள்ளாது முழங்காலளவிற் பிடித்தலே நன்று. நாயின் கண் நம்முடையதினும் குறைந்த ஒளியிற் காணவல்லது. அதன் முகத்திலும் ஒளியைப் பாய்ச்சலாகாது.

நடைபாதையில்லாச் சாலையில் எதிர்வரும் வண்டிகளை நோக்கி வலப்புறமாக நடக்கவும், நாயைக் குறுகிய வாரிற் பிடிக்கவும் அந்நாட்டுச் சாலை விதிநூல் அறிவுறுத்துகின்றது. குளிரில் மின்கலத்தின் ஆற்றல் குன்றுமாதலின், விளக்கை உட்சட்டைப் பையில் வைத்துக் கொண்டுசெல்லுதலும் நலம்.

விளக்கின் வலிமை கடையில் விலைக்குக் கிடைக்கும். எப்போது உயர்த்துவது, எப்போது தாழ்த்துவது என்னும் அறிவைப் பழகியே பெறல் வேண்டும். அதனைப் பெற்றவரும் அவர்தம் நாயும் எதிரே வண்டியோட்டி வருவாரும் நலமே வீடு சேர்வர்.