வழிகாட்டிக் கருவியும் அதன் வாழ்நாளும்

வழி அறிந்தான் ஒருவன் அறியாதானுக்கு அதனை எடுத்துரைத்தல் மிகப் பழைய வழக்கம். பத்துப்பாட்டில் ஆற்றுப்படை நூல்கள் ஐந்து உளவென்பதை நம் கல்லூரி மாணவர் அறிவர். பரிசில் பெற்று மீள்வோன், எதிர்ப்பட்ட வறியோனுக்குத் தான் சென்ற வழியைக் கூறுதல் அவற்றின் பொது அமைப்பு. மலைபடுகடாம் அவ்வழியின் இடர்களையும் விரித்துரைக்கும். இங்கே வழி கூறுவோன் அவ்வழியே அண்மையில் நடந்து வந்தவன் என்பது கருதற்பாலது. இக்காலத்தில் அப்பணியைக் காரின் முகப்பில் அமர்ந்த சிறு கருவி ஒன்று செய்கின்றது. அதுவோ தான் நடந்திராத வழியை, பிறர் என்றோ எழுதிய படத்தை நம்பிக் கூறுவது. அப்படம் பழையதாயின் விளைவது யாது, அதனைப் புதுக்குவதில் உள்ள தொல்லைகள் எவை என்பவற்றை, யாம் பட்டறிந்தவாறு ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

முதற்கண் கருவி இயங்கும் முறையை அறிதல் வேண்டும். ஜி.பி.எஸ். என்னும் அமைப்பை அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1973-இல் தொடங்கிற்று. அதன் முதற் செயற்கைக்கோள் 1978-இல் ஏவப்பட்டது. 1995-இல் அமைப்பு முழுமை பெற்றது. பொதுமக்களுக்குரிய குறிப்பு 2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை வேண்டுமென்றே பிழைபடுத்தப்பட்டிருந்தது. அத்தடை நீங்கிய பின்னர் இக்கருவிகள் கார்களிற் பெருகின. இக்கோள்கள் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் நாளொன்றுக்கு இருமுறை உலகைச் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன் இருப்பிடத்தையும் நேரத்தையும் ஓயாது அறிவிக்கின்றது. நான்கு கோள்களின் செய்தி கிட்டின், அவை வந்து சேர்ந்த நேர வேற்றுமையைக் கொண்டு கருவி தான் நிற்கும் இடத்தைக் கணக்கிடும். அலை ஒளியின் வேகத்திற் செல்வதாகலின், ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் 300 மீட்டர் தவறு நேரும்.

ஈண்டு ஒன்று ஊன்றி உணர்தற்குரியது. செயற்கைக்கோள் அனுப்பும் செய்தியிற் சாலை என்பதே இல்லை. சாலை, பாலம், ஒருவழித் தெரு ஆகிய யாவும் கருவியின் மெமரியில் வைக்கப்பட்ட வரைபடத்திலேயே உள்ளன. ஆகவே நாம் நிற்கும் இடத்தைச் செவ்வனே அறிந்த கருவியே, செல்லும் வழியைத் தவறாகக் கூறுதலும் கூடும்.

சாலையோ நாளும் மாறுவது. 2010-இல் நம் நாட்டின் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புதிய எண்கள் இடப்பட்டன. வாரணாசியிலிருந்து கன்னியாகுமரி வரை சென்ற 7-ஆம் எண் நெடுஞ்சாலையின் பெரும்பகுதி 44-ஆம் எண்ணைப் பெற்றது. பழைய படம் கொண்ட கருவி 7 என்று கூற, சாலையோரப் பலகை 44 என்று காட்டும். எண் மாறினாற் குழப்பம் மட்டுமே. புறவழிச்சாலையும் மேம்பாலமும் தோன்றினால் வழியே மாறிவிடும்.

படம் மட்டுமன்று, கருவியின் உள்ளே இயங்கும் மென்பொருளும் புதுக்கப்படல் வேண்டும். ஜி.பி.எஸ். தன் வாரங்களை 1980 ஜனவரி 6 முதல் எண்ணி வருகின்றது. அவ்வெண்ணிக்கைக்கு ஒதுக்கப்பட்ட இடம் சிறிதாகலின், 1,024 வாரங்கள் நிறைந்ததும் எண் மீண்டும் சுழியத்திற்குச் செல்லும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அவ்வாறு நிகழ்ந்தது. இதற்கென ஆயத்தம் செய்யப்படாத பழங்கருவிகள் சில நாளைத் தவறாகக் கொண்டு தடுமாறின.

நிற்க. எம் தந்தையார் வாடகைக் கார் ஓட்டுபவர். மலைப் பாதைகளிற் கைப்பேசிக்கு டவர் கிட்டாத இடங்கள் பலவாகலின், இணையமின்றியே இயங்கும் இக்கருவியை அவர் விலைக்கு வாங்கினார். “வாழ்நாள் முழுதும் இலவசப் புதுப்பிப்பு” என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருந்ததே அவரை அதன்பால் ஈர்த்தது. சில ஆண்டுகள் அது நன்றே உழைத்தது. ஓரிரவு முதியோர் இருவரை ரயிலுக்கு அழைத்துச் செல்லுங்கால், கருவி ஒரு ரயில்வே கேட்டை நோக்கி வழி காட்டிற்று. சென்று பார்த்தால், அருகே மேம்பாலம் எழுந்தமையின் அக்கேட்டு நிலையாக மூடப்பட்டிருந்தது. திரும்பிச் சுற்றிச் செல்வதற்குள் ரயில் போய்விட்டது. தந்தையார் கூலி பெறாது அவர்களை மீண்டும் வீடு சேர்த்தார்.

மறுவாரம் கருவி எம் கைக்கு வந்தது. படித்த பிள்ளை ஒரு நாழிகையிற் செய்துவிடுவான் என்பது அவர் எண்ணம். எம் எண்ணமும் அதுவே. நிறுவனத்தின் மென்பொருள் விடுதிக் கணினியில் இயங்க மறுத்தது. நண்பர் ஒருவரின் புதிய கணினியை இரவல் பெற்றோம். மறந்துபோன பாஸ்வேர்டை மீட்க ஒரு நாள் கழிந்தது. பின்னர், புதிய படம் கருவியின் மெமரியிற் கொள்ளாது என்ற அறிவிப்பு வந்தது. மெமரி கார்டு ஒன்று வாங்கினோம். இறக்கம் இருமுறை இடையில் அறுந்தது. மூன்றாம் முறை, திரை நெடுநேரம் அசையாது நின்றது. அவ்வமயம் உணவு மணி அடித்தது. வேலை முடிந்தது போலும் என்று நாமே முடிவு செய்து கேபிளைப் பிடுங்கினோம். அதன்பின் கருவி நிறுவனத்தின் சின்னத்தைக் காட்டுதலன்றி வேறொன்றும் செய்யவில்லை.

பழுது பார்ப்பவர் ஒருவர் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தார். ஆயினும் பழைய படமே கிட்டிற்று. நிறுவனத்துக்கு எழுதினோம். அவ்வகைக் கருவியின் வாழ்நாள் முடிந்தமையின் இனிப் புதுப்பிப்பு இல்லை என்று விடை வந்தது. அதனைப் படித்துக் காட்டியபொழுது தந்தையார், “கருவி உயிரோடுதானே இருக்கிறது, தம்பி? வாழ்நாள் முடிந்தது என்று எப்படிச் சொல்லுகிறார்கள்?” என்று வினவினார். எமக்கு விடை தெரியவில்லை.

சொல்லாராய்ச்சி பயிலும் எமக்கு அவ்வினா நெடுநாள் உறுத்திற்று. வாழ்நாள் யாருடையது? வாங்கியவனுடையதா, கருவியினுடையதா, கருவிக்குத் துணைநிற்க நிறுவனம் கொள்ளும் மனத்தினுடையதா? வாங்குவோன் முதற்பொருளைக் கொள்கின்றான். சிறிய எழுத்தில் அச்சிட்ட உடன்படிக்கை இறுதிப் பொருளைக் கொள்கின்றது. இஃது எமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2018-இல் ஐரோப்பிய நிறுவனம் ஒன்று, தன் பழங்கருவிகள் சில புதிய படத்தைத் தாங்கும் ஆற்றலற்றவை என்று கூறிப் புதுப்பிப்பை நிறுத்தியபொழுது, வாங்கியோர் பலர் இக்குறையையே எழுப்பினர். கருவியின் ஆற்றல் வரம்புடையது என்பது மெய்யே. அவ்வரம்பை விற்கும்பொழுதே பெரிய எழுத்தில் உரைத்திருத்தல் வேண்டும் என்பதே எம் கருத்து.

எம் பிழையையும் மறைத்தற்கில்லை. ஆதலின் நண்பர்க்குச் சில கூறுவோம். வாங்குமுன் “வாழ்நாள்” என்பதற்கு உடன்படிக்கை கூறும் பொருளைப் படித்தறிக. புதுக்குமுன் பழைய படத்திற்கு ஒரு படி எடுத்து வைத்துக்கொள்க. உலகப் படம் முழுதும் வேண்டா. வேண்டும் நிலப்பகுதியை மட்டும் ஏற்றுக. வேலை முடிந்தது என்று கருவியே கூறுமளவும், உணவு மணி அடிப்பினும், கேபிளைத் தொடாதிருக்க.

இப்பொழுது தந்தையார் காரில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கின்றார். அடைத்த கேட்டு, புதிய பாலம், ஒருவழியாகிய தெரு ஆகியவற்றை ஸ்டாண்டில் உள்ள ஓட்டுநர்கள் அன்றன்று கண்டுவந்து கூற, அவர் அதிற் குறித்துக்கொள்கின்றார். விடுமுறையில் யாம் அதனைத் திருத்தமாகப் படியெடுத்துக் கொடுக்கின்றோம். கருவி இன்னும் முகப்பில் உள்ளது. இருக்கும் இடத்தை அதனிடத்தும், போகும் வழியைப் போய் வந்தவரிடத்தும் அவர் கேட்டறிகின்றார்.