பதினெட்டு வயதில் முடிந்துவிடுமா?

கேள்வி: என் அக்கா மகனுக்கு 18 வயது. குடிகார அப்பா, தினமும் சண்டை என்று வளர்ந்தவன். படிப்பை விட்டுவிட்டான், போலீஸ் வரை போய்விட்டது. இனி தேறமாட்டான் என்கிறார்கள் உறவினர்கள். உண்மையா? (வாசகி, திருச்சி)

பதில்: அவசரப்படுகிறார்கள். ஹவாயின் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இரு உளவியலாளர்கள் 40 வயது வரை பின்தொடர்ந்தார்கள். வறுமை, பெற்றோரின் குடி, மனநோய், ஓயாத சண்டை எனப் பல சுமைகளோடு வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே ஆளானார்கள். பாட்டியோ ஆசிரியரோ, யாரோ ஒருவர் அவர்கள் பக்கம் இருந்தார்.

இதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது மற்றவர்களின் கதை. பதினெட்டில் திருட்டு, மனச்சிக்கல் என்று தடுமாறியவர்களில் பெரும்பாலோர் நாற்பதுக்குள் நிலைபெற்றுவிட்டார்கள். மீண்டும் கல்லூரி, ராணுவத்தில் கற்ற தொழில், நிதானமான துணை, சமய நம்பிக்கை: இவைதான் அவர்களைத் திருப்பின. மனநலச் சிகிச்சையால் மாறியவர்கள் குறைவு. (அதற்காக அது வேண்டாம் என்று அர்த்தமில்லை.)

உங்கள் அக்கா மகனுக்கும் வழி உண்டு: எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு சேரக்கூடிய ஐடிஐ பிரிவுகள் உண்டு, விசாரியுங்கள். முடிந்தால் சில மாதம் உங்கள் வீட்டில் தங்கட்டும். சித்தி சொன்னால் கேட்கிற பிள்ளைகள் நிறைய. சாவைப் பற்றிப் பேசினாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ தாமதிக்காமல் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள்.