பழைய வீட்டு மாடிப்படி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

"இத்தனை வருஷமா யாரும் விழலையே!" பழைய மாடிப்படிக்கு நாம் வழங்கும் தகுதிச் சான்று இதுதான். ஏறி இறங்கியவர்களின் கால் பலத்தைப் படியின் பெருமையாக எழுதிக்கொள்கிறோம். கால் தளரும் வயதில்தான் கணக்குத் தெரியவருகிறது. அதற்கு முன்பே சில நம்பிக்கைகளைச் சரிபார்த்துவிடலாம்.

நம்பிக்கை 1: பழைய வீட்டுக்குக் கட்டட விதி பொருந்தாது.

உண்மை: பாதி சரி. இன்றைய அளவுகளைக் காட்டி, தாத்தா கட்டிய படியை இடிக்கச் சொல்லி யாரும் வரப்போவதில்லை. ஆனால், மேலே ஒரு தளம் எழுப்ப அனுமதி கேட்டால், தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 உங்கள் வீட்டுக்கும் பொருந்தும். படி அளவுகளுக்கு 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பைப் பார்க்கலாம். குடியிருப்புகளில் ஒரு படியின் உயரம் 19 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. கால் வைக்கும் அகலம் 25 செ.மீ.க்குக் குறையக் கூடாது. கைப்பிடி, படியின் நடுவிலிருந்து 1 மீட்டர் உயரமாவது இருக்க வேண்டும். இந்தத் தொகுப்பு தானாகவே சட்டமாகிவிடாது; மாநில, உள்ளாட்சி விதிகள் ஏற்கும்போதுதான் கட்டுப்படுத்தும். ஆனாலும் உங்கள் வீட்டுப் படி எப்படி இருக்கிறது என்று அளந்து பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

நம்பிக்கை 2: இரண்டு பக்கமும் சுவர் இருக்கிறது, கைப்பிடி எதற்கு?

உண்மை: சுவர் பக்கவாட்டில் விழாமல் மறிக்கும். படியில் வழுக்குகிறவர் பெரும்பாலும் சரிவது கீழ்நோக்கித்தான். அந்த நொடியில் விரல்களை மடக்கிப் பிடிக்க ஏதாவது வேண்டும். வழவழப்பான சுவரோ, ஒன்பது அங்குலக் கைப்பிடிச் சுவரோ அதற்கு உதவாது. உள்ளங்கையை வைக்கலாம், பற்ற முடியாது. பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் வழிகாட்டி நெறிகள் சொல்வது, சுமார் 4 செ.மீ. கனமுள்ள உருண்டைக் கம்பி, சுவருக்கும் அதற்கும் 5 செ.மீ. இடைவெளி. இரண்டையும் கூட்டினாலும் ஒரு சாண்கூட வராது. எனவே குறுகலான படி என்பதும் சாக்கு ஆகாது. கம்பி முதல் படிக்கு முன்பும் கடைசிப் படிக்குப் பின்பும் ஓர் அடியாவது நீளட்டும். படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் கால் வைக்கும் இடத்தில்தான் தடுமாற்றம் அதிகம்.

நம்பிக்கை 3: செங்குத்தான படிதான் ஆபத்து.

உண்மை: செங்குத்தும் ஆபத்துதான்; ஆனால் அதைப் பார்த்தவுடன் நாமே நிதானிப்போம். நம்மை ஏமாற்றுவது உயரம் மாறும் படி. இரண்டு மூன்று படி ஏறியதுமே கால் அந்த உயரத்தைப் பழகிக்கொள்கிறது. பிறகு கண் பார்ப்பதில்லை. பழைய வீடுகளில் இந்தக் குறை பெரும்பாலும் புதுப்பிக்கும்போதுதான் முளைக்கிறது. சிவப்புச் சிமெண்ட் தரையைப் பெயர்க்காமல் அதன்மேலேயே டைல்ஸ் ஒட்டுகிறோம். தரை 5 செ.மீ. உயர்ந்தால், 18 செ.மீ. இருந்த முதல் படி 13 ஆகிவிடும். மாடித் தரையும் அப்படியே உயர்ந்தால் கடைசிப் படி 23 ஆகும். பழைய தளத்தைப் பெயர்த்துவிட்டுப் பதியுங்கள்; முடியாவிட்டால் எல்லாப் படிகளையும் அதே கனத்துக்கு உயர்த்தச் சொல்லுங்கள்.

நம்பிக்கை 4: ஏதாவது ஒரு கம்பி இருந்தால் போதும்.

உண்மை: படியின் திறந்த பக்கத்தில் குறுக்குவாட்டில் பைப் போட்டால் அது குழந்தைக்கு ஏணி. நிமிர்ந்த கம்பிகளே நல்லது. அவற்றின் இடைவெளி வழியே 10 செ.மீ. உருண்டை நுழையக் கூடாது என்கிறது இங்கிலாந்தின் விதி. குழந்தையின் தலை சிக்கிவிடக் கூடாதே என்ற கவலைதான். இன்னொன்று, பழைய சுவரில் சுண்ணாம்புப் பூச்சு கனமாக இருக்கும். சின்னத் திருகாணி அந்தப் பூச்சோடு நின்றுவிட்டால், பிடித்து இழுக்கும் அன்று பூச்சோடு பெயர்ந்து வரும். செங்கல்லுக்குள் ஆழமாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வேலை முடிந்ததும் பெரியவர் ஒருவர் முழுப் பலத்தோடு இழுத்துப் பார்த்த பிறகே கூலி கொடுங்கள்.

நம்பிக்கை 5: கைப்பிடி வயதானவர்களுக்குத்தான்.

உண்மை: உலகில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது, இவர்களில் மிகுதியானோர் 60 வயதைத் தாண்டியவர்கள் என்பது மெய். ஆனால் துணிக்கூடையோடு மொட்டை மாடிக்கு ஏறுகிறவருக்கும், கர்ப்பிணிக்கும், மின்சாரம் போன இரவில் இறங்குகிறவருக்கும் கைப்பிடி வேண்டும். மூத்தவர் ஒருமுறை விழுந்த பின் கம்பி அடிப்பது நம் வழக்கம். இடுப்பெலும்பு முறிவுக்கு ஆகும் செலவின் பக்கத்தில் கம்பியின் விலை ஒன்றுமே இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு டேப்பை எடுத்து ஒவ்வொரு படியையும் அளந்து எழுதுங்கள். படி விளக்குக்கு மேலேயும் கீழேயும் ஒரு சுவிட்ச் இருக்கட்டும். திங்கட்கிழமை பட்டறைக்காரரிடம் கைப்பிடிக்குச் சொல்லிவிடுங்கள்.