பொம்மை செய்து விற்கிறீர்களா? ஐஎஸ்ஐ முத்திரை யாருக்குக் கட்டாயம்?

கோபிசெட்டிபாளையத்தில் வீட்டிலேயே துணிப் பொம்மை, கிலுகிலுப்பை, மர வண்டி செய்து விற்கிறவரா நீங்கள்? "நம்முளது சின்னத் தொழில்தானுங்க, சட்டமெல்லாம் கம்பெனிக்குத்தானே?" என்று நினைத்தால், இதைக் கொஞ்சம் படியுங்க.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய அரசின் பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணை, 2020, 1.1.2021 முதல் நடைமுறையில் உள்ளது. 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். சாதாரணப் பொம்மைக்கு ஐஎஸ் 9873, பேட்டரி அல்லது மின்சாரத்தில் இயங்கும் பொம்மைக்கு ஐஎஸ் 15644 தர விதிகள் பொருந்தும்.

யாருக்கு விலக்கு?

கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர் தானே செய்து விற்கும் பொம்மைக்கு விலக்கு உண்டு. தஞ்சாவூர் பொம்மை போலப் புவிசார் குறியீடு பெற்றவற்றை, அதற்கு உரிமை பெற்றவர்கள் செய்து விற்றாலும் விலக்குதான். சுயஉதவிக் குழுவில் இருப்பதாலோ, உத்யம் பதிவு இருப்பதாலோ மட்டும் விலக்கு கிடைக்காது.

என்ன செய்ய வேண்டும்?

1. கைவினைஞர் என்றால் முதலில் 'பெஹ்சான்' அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள்.
2. மற்றவர்கள் பிஐஎஸ் அமைப்பின் 'மானக் ஆன்லைன்' தளத்தில் உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிஐஎஸ் கிளை அலுவலகம் கோவையில் உள்ளது. குறுந்தொழிலுக்குக் கட்டணச் சலுகை உண்டு, விண்ணப்பிக்கும்போது கேட்டுக்கொள்ளுங்க.
3. உரிமம் இல்லாமல் முத்திரையை அச்சிட்டு ஒட்டாதீர்கள். அது தனிக் குற்றம்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய சோதனை

அட்டை கையில் இருந்தாலும் குழந்தையின் தொண்டைக்கு விலக்கு கிடையாதுங்க. பரிசோதனைக் கூடத்தில் 31.7 மி.மீ. உள்விட்டமுள்ள சிறு உருளை ஒன்று வைத்திருப்பார்கள். 3 வயதுக்குட்பட்ட குழந்தைக்கான பொம்மையோ, அதிலிருந்து கழன்று வரும் துண்டோ அதற்குள் முழுதாக அடங்கினால், மூச்சடைக்கும் ஆபத்து என்று பொருள். 27 மி.மீ. அகலமுள்ள பத்து ரூபாய் நாணயமே அதற்குள் விழுந்துவிடும். சட்டைப் பொத்தான் எம்மாத்திரம்! ஆகவே பொம்மையின் கண்ணுக்குப் பொத்தானோ மணியோ தைக்காமல், நூலால் பூவேலை செய்துவிடுங்கள். தையலை இழுத்துப் பாருங்க. உள்ளே அடைத்த பஞ்சு வெளியே வரக் கூடாது. மர வண்டிக்குப் பூசும் வண்ணம் ஈயம் கலக்காதது என்று டப்பாவில் பார்த்து வாங்குங்கள். குழந்தை எதையும் வாயில்தான் வைக்கும்.

பொம்மை வாங்கும் பெற்றோருக்கும் ஒரு வழி இருக்கிறது. முத்திரையோடு அச்சிட்ட உரிம எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால், அது உண்மையா, நடப்பில் இருக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும்.